தூரத்துக் கடையும் மின்சார சைக்கிளும்

பிரட்டுக் களத்தில் இப்போது இதே பேச்சுதான். "கைப்பேசியில தட்டினா மின்சார சைக்கிள் வாசலுக்கே வந்துடுமாமே!" வரும், நாம் மறுக்கவில்லை. எண்ணெய்ச் செலவு மிச்சம், மேட்டில் கால் நோகாது. ஆனால், பழுதானால் யாரிடம் போவது?

நமக்குத் தெரிந்த பால்மரம் வெட்டும் தோழர் ஒருவர், கூட்டுப் பணம் எடுத்து வெளிநாட்டு இணையக் கடையில் ஒன்று வாங்கினார். நாலே மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது. "பேட்டரியை அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்றது கடை. லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடிய சரக்கு. சாதாரணப் பொட்டலம்போல் விமானத்தில் அனுப்ப விடமாட்டார்கள். பட்டணத்துக் கடைக்காரரோ, "இதுக்கு இங்க சாமான் கிடைக்காது தம்பி" என்று கையை விரித்தார். இன்று அந்த வண்டி மேல் கோழி உறங்குகிறது!

தோழர்களே, காசு கட்டுமுன் நாலு காரியம் பாருங்கள்.

ஒன்று: பேட்டரி, சார்ஜர், பிரேக் கட்டை பக்கத்துப் பட்டணத்தில் கிடைக்குமா? விசாரியுங்கள்.

இரண்டு: பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா? மின் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவு வேண்டும். நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்ட 2021-ஆம் ஆண்டு விதிகள் தடை போட்டுள்ளன.

மூன்று: "தள்ளுபடி தாரேன், என் கணக்கில் நேரே போடு" என்பவரை நம்பாதீர்கள். இணையச் சந்தை வழியாகவே கட்டுங்கள். பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பார்க்காமல் "பொருள் கிடைத்தது" என்று அழுத்தாதீர்கள்.

நான்கு: சார்ஜர் கெட்டால் அண்டை வீட்டாருடையதை மாட்டாதீர்கள். 36 வோல்ட்டு பேட்டரிக்குப் பொதுவாக 42 வோல்ட்டு சார்ஜர், 48-க்கு 54.6. மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கலாம். லயத்தில் ஒரு வீடு பற்றினால் வரிசையே பற்றும். பிள்ளைகள் தூங்கும் அறையில் இரவெல்லாம் சார்ஜ் போடவே கூடாது.

ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். பணம் மோசடிக்காரன் கைக்குப் போனது தெரிந்ததுமே 997 எண்ணுக்கு அழையுங்கள். பொருளில் குறை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம்; வக்கீல் தேவையில்லை. ரசீதையும் பேசிய செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். ஆனால் விற்றவன் கடல் கடந்து இருந்தால், தீர்ப்பு கிடைத்தாலும் காசு வசூலாவது கடினம்.

ஆகவே, நூறு வெள்ளி கூடுதலானாலும் நடந்து போய்க் கேட்கக்கூடிய கடையில் வாங்குங்கள். வண்டி நம்மைச் சுமக்கட்டும். வண்டிக் கடனை நாம் சுமக்க வேண்டாம்!