ப்ராசசரிடமே பெயர் கேளுங்கள்

சென்ற மாதம் பக்கத்து வீட்டு நண்பருக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கப் போயிருந்தோம். கேபினட்டில் "கோர் ஐ7" என்று ஸ்டிக்கர் பளபளத்தது. விலையும் அதற்கேற்றபடிதான் சொன்னார்கள். பணம் கொடுக்கும் முன் என் பென் டிரைவில் இருந்த சிபியூ-இசட் என்ற இலவச புரோகிராமை அதில் இயக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தது கோர் ஐ3! நண்பர் பணத்தை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் புரோகிராமுக்கு இது எப்படித் தெரிந்தது? ப்ராசசரையே கேட்டுத்தான்.

முன்பு இந்த வசதி இல்லை. ப்ராசசரின் ஃபிளாக் ரெஜிஸ்டரில் குறிப்பிட்ட ஒரு பிட்டை மாற்றிப் பார்ப்பார்கள். மாறினால் 486, மாறாவிட்டால் 386 என்று முடிவு செய்வார்கள். 1993ல் வந்த பென்டியத்தில் சிபியூஐடி என்ற கட்டளையை இன்டெல் தந்தது. 0 என்ற எண்ணுடன் இக்கட்டளையை இயக்கினால், தயாரித்த நிறுவனத்தின் அடையாளம் 12 எழுத்துகளில் கிடைக்கும். இன்டெல் சிப் "ஜெனுயின்இன்டெல்" என்றும், ஏஎம்டி சிப் "ஆதென்டிக்ஏஎம்டி" என்றும் பதில் தரும். வேறு எண்களைக் கொடுத்தால் மாடல் பெயரும், சிப்பில் உள்ள வசதிகளும் தெரியும்.

வசதிகளை ஏன் கேட்க வேண்டும்? சிப்பில் இல்லாத கட்டளையை இயக்க முயன்றால் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். 2024ல் வந்த விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு, பாப்கவுண்ட் என்ற கட்டளை இல்லாத பழைய ப்ராசசர்களில் பூட் ஆவதே இல்லை.

இதனால் நம் ரகசியம் வெளியே போகுமா என்று சிலர் கேட்கலாம். 1999ல் பென்டியம் 3 சிப் ஒவ்வொன்றுக்கும் தனி சீரியல் எண் தந்து, புரோகிராம்கள் அதைப் படிக்கவும் இன்டெல் வழி செய்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் பின்னர் வந்த சிப்களில் அதைக் கைவிட்டது. மாடல் பெயரை வைத்து மட்டும் உங்களை அடையாளம் காண முடியாது.

நீங்களும் சோதிக்கலாம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று செல்லுங்கள். லைனக்ஸ் என்றால் டெர்மினலில் எல்எஸ்சிபியூ என்பதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் காட்டும் பெயர் ரெஜிஸ்ட்ரியில் இருந்து எடுக்கப்படுவது. விவரம் தெரிந்தவர் அதை மாற்றிவிட முடியும். எனவே பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது சிபியூ-இசட் போன்ற புரோகிராம் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்!