வண்டி பேசுமுன்

அயல் மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு வாடகைக் காரின் துணை அடிக்கடி வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து முதிய பெற்றோர் வந்தால், தில்லியில் இருப்போர் ஹரித்துவாரத்திற்கும், மும்பையில் இருப்போர் ஷீரடிக்கும் அவர்களை அழைத்துச் செல்கிறோம். விடுமுறையில் நாம் ஊருக்குப் போனாலோ, ரயிலடியிலிருந்து கிராமத்திற்கும், அங்கிருந்து குலதெய்வம் கோயிலுக்கும் வண்டி பேசுகிறோம். ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி இவ்வகைப் பயணங்களில் கரைந்துவிடுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வாடகைக் காரைப் பொறுத்தவரை எதை அளப்பது என்பதே கேள்வி.

நம்மில் பெரும்பாலோர் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதை மட்டுமே அளக்கிறோம். அதில் ஓர் ரூபாயைக் குறைத்துவிட்டால் பேரத்தில் வென்றுவிட்டதாக மகிழ்கிறோம். ஆனால் வெளியூர்ப் பயணத்தின் வாடகை அந்த ஒரே எண்ணால் அமைவதன்று. நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு உண்டு. அது பல நிறுவனங்களில் 250, சிலவற்றில் 300. நாம் அவ்வளவு தூரம் ஓடாவிட்டாலும் அத்தூரத்திற்கு உரிய பணத்தைக் கொடுத்தேயாக வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தில்லியிலிருந்து ஹரித்துவாரம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். போக வர 440. அங்கே சுற்றிப் பார்க்க 40 என்று கொண்டால் மொத்தம் 480. பயணம் இரண்டு நாள். ஒரு நிறுவனம் கிலோமீட்டருக்கு 12 ரூபாயும் 250 கிலோமீட்டர் வரம்பும் சொல்கிறது. மற்றொன்று 11 ரூபாயும் 300 கிலோமீட்டர் வரம்பும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 500 கிலோமீட்டருக்கு 6,000 ரூபாய். இரண்டாவதில் 600 கிலோமீட்டருக்கு 6,600 ரூபாய். விகிதம் குறைந்த வண்டியே விலை கூடிய வண்டியாக முடிகிறது.

அடுத்தது நாள் கணக்கு. சில நிறுவனங்கள் புறப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்கின்றன. வேறு பல, நள்ளிரவு கடந்தால் புதிய நாள் பிறந்ததாகக் கொள்கின்றன. விடுதி வாடகையை மிச்சப்படுத்த எண்ணி, வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதுக்குள் திரும்பும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முதல் முறைப்படி அது இரண்டு நாள். இரண்டாம் முறைப்படி மூன்று நாள். மேற்கண்ட 12 ரூபாய் வண்டியிலேயே வாடகை 750 கிலோமீட்டருக்கு 9,000 ரூபாயாக உயரும். டிரைவர் பேட்டாவும் ஒரு நாளைக்குக் கூடும். அதே குடும்பம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் 3,000 ரூபாய் மிஞ்சுகிறது. அது ஹரித்துவாரத்தில் ஓர் இரவு தங்குவதற்கு உதவும். எந்தப் பேரமும் இவ்வளவு தள்ளுபடியைப் பெற்றுத் தராது. ஆகவே விகிதத்தைக் கேட்குமுன், "நாள் கணக்கு எப்படி?" என்று கேட்பதே முறை.

கேட்டறிய வேண்டியவை இன்னும் சில உண்டு. கிலோமீட்டர்க் கணக்கு நம் வீட்டு வாசலில் தொடங்குகிறதா, வண்டி நிற்கும் கொட்டகையில் தொடங்குகிறதா? கொட்டகை 15 கிலோமீட்டர் தொலைவிலிருந்தால் போக வர 30 கிலோமீட்டர் நம் கணக்கில் ஏறும். இரவுக் கட்டணம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? பேட்டா, சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், மாநில வரி, ஜி.எஸ்.டி. ஆகியவை சொன்ன தொகையில் அடங்கியனவா, புறம்பானவையா? இவற்றுக்கு விடை பெற்ற பின்னர், மூன்று நிறுவனங்களிடம் ஒரே பயணத்திற்கு மொத்தத் தொகையைக் கேட்டு ஒப்பிட வேண்டும். அயல் மொழியில் வாய்ப்பேச்சாகப் பேசிய பேரம் பின்னால் தகராறுக்கு இடந்தரும். எனவே, ஒப்புக்கொண்டவற்றைக் கைப்பேசியில் எழுத்துச் செய்தியாகப் பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம்.

சுங்கத்திலும் கவனம் வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளின் சுங்கச் சாவடிகளில், 24 மணி நேரத்திற்குள் அதே வழியே திரும்பும் வண்டிக்குப் போக வரச் சேர்த்துப் பொதுவாக ஒரு வழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கே ஆகும். காலையில் சென்று மாலையில் திரும்பிய பயணத்திற்கு இரு மடங்கு கேட்டால், பாஸ்டேக் கணக்கில் கழிந்த தொகையைக் காட்டும்படி மரியாதையுடன் கேட்கலாம்.

வாடகை குறைய நேரிய வழிகள் பல. பயணம் ஒரு வழி மட்டுமே என்றால், திரும்பும் தூரத்திற்குப் பணம் கேட்காத ஒருவழி வண்டிகளை முதலில் விசாரிக்க வேண்டும். ஊர் எல்லைக்குள்ளேயே சுற்றுவதானால், 8 மணி நேரம் 80 கிலோமீட்டர் என்னும் தொகுப்பு வாடகை பெரும்பாலும் ஆதாயம். பண்டிகையும் முகூர்த்த நாளும் சேர்ந்த வாரங்களில் எவரும் விலை குறைக்கமாட்டார். ஒரு வாரம் தள்ளிப் போகக்கூடியவர்க்கு வாடகையும் குறையும், கோயிலில் கூட்டமும் குறையும். இரு குடும்பங்கள் சேர்ந்தால், இரண்டு சிறு வண்டிகளைவிட ஒரு பெரிய வண்டி சிக்கனமாகலாம். ஒரே நிறுவனத்தை மீண்டும் மீண்டும் நாடுவோர் அதைச் சொல்லிச் சலுகை கேட்பதில் தவறில்லை.

தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் காரை விரும்புவோர், முன்பணம், கிலோமீட்டர் எல்லை, எரிபொருள் அளவு, சேதம் நேர்ந்தால் நம் பொறுப்பு எவ்வளவு என்னும் நான்கையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வண்டியைப் பெறும்போதே அதிலுள்ள கீறல்களைப் படம் எடுத்து வைத்தால், திருப்பிக் கொடுக்கும்போது முன்பணத்திற்குச் சேதம் வராது.

இனி, ஏற்கத் தகாத தள்ளுபடிகள் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, சொந்த உபயோகத்திற்குப் பதிவான வெள்ளை எண் பலகை வண்டியை வாடகைக்குப் பேசுவது. டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும், நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தும் அடையாளம். வெள்ளைப் பலகை வண்டி மலிவாகக் கிடைப்பது, வாடகை வண்டிக்குரிய வரியும் காப்பீடும் அதற்கு இல்லாமையாலேயே. வழியில் விபத்து நேர்ந்தால், வாடகைக்கு ஓட்டியதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு. சில நூறு ரூபாய்க்காகக் குடும்பத்தின் பாதுகாப்பை ஈடு வைத்தல் ஆகாது.

இரண்டாவது, டிரைவரின் உறக்கத்தில் பிடிக்கும் தள்ளுபடி. மூன்று நாள் பயணத்தை இரண்டு நாளில் முடித்துத் தரச் சொல்வதும், இரவு முழுவதும் ஓட்டிவந்தவரைக் காலையில் உடனே திரும்பச் சொல்வதும் கணக்கில் மிச்சமாகத் தோன்றும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையைப் பொது வரம்பாக வகுத்தது. மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அறிந்தே அச்சட்டம் எழுந்தது. அவருடைய பேட்டா அவரது உணவுக்கும் தங்குவதற்கும் உரியது. அதில் பேரம் கூடாது. நாம் தங்கும் இடத்தில் அவர் படுக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது இரக்கம் மட்டுமன்று. மறுநாள் அவர் கையில் நம் உயிரை ஒப்படைக்கும் நமக்கு அது தற்காப்பும் ஆகும்.

சுருங்கச் சொன்னால், விகிதத்தில் ஓர் ரூபாய்க்கு வாதாடுவதைவிட, நாளையும் தூரத்தையும் முறையாக வகுத்துக்கொள்வதே பெரிய தள்ளுபடி. வண்டிக்காரரோடு மனக்கசப்பின்றி அதைப் பெறலாம். மிஞ்சும் பணத்தில் பெற்றோர் இன்னும் ஒரு நாள் கங்கைக் கரையில் நிதானமாக இருந்துவிட்டு வரலாம்.