சுபாவமும் தொழிற்பயிற்சியும்

தருமபுரியிலும் அரூரிலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) 8-ஆம், 10-ஆம் வகுப்பு முடித்தவர்கள் சேர்கிறார்கள். ஃபிட்டர் பிரிவில் பயிற்சி அரத்தில் தொடங்குகிறது. இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, ராவி, மூலைமட்டத்தை ஒட்டவைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளி கசிந்தால் இன்னும் ராவ வேண்டும். மாணவரின் சுபாவம் இங்கேயே தெரிந்துவிடும். ஒருவர் நான்கு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து பார்ப்பார். இன்னொருவர் மளமளவென்று ராவி அளவுக்குக் கீழே போய்விடுவார். அந்தத் துண்டு பிறகு உதவாது. மற்றொருவர் பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்த பிறகே அரத்தைத் தொடுவார்.

இத்தகைய வேறுபாடுகளைக் ‘கற்றல் பாணி’ என்று சொல்வதுண்டு. செய்து பார்ப்பது, அதை அசைபோடுவது, அதிலிருந்து ஒரு கருத்தை எட்டுவது, மறுபடி சோதிப்பது என்ற சுழற்சியை அமெரிக்க அறிஞர் டேவிட் கோல்ப் 1984-இல் ஒரு நூலில் விளக்கினார்; இதில் எந்தக் கட்டங்களை ஒருவர் விரும்புகிறார் என்பதைப் பொறுத்தே அவரது பாணி. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்ற பிரிவினை இன்னும் பிரபலமானது. ஆனால் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் தேர்ச்சி கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் குழு 2008-இல் எழுதியது. பாணி எதுவானாலும் வேலை கேட்கும் வழியில்தான் கற்க வேண்டும் என்பது தொழிற்கல்வியில் கண்கூடு. வெல்டிங்கில் ஆர்க் சரியாக இருக்கிறதா என்பதை யாரானாலும் சத்தத்தையும் கேட்டே பழக வேண்டும். எலக்ட்ரீசியனுக்கு வரைபடம் படிக்காமல் ஒயரிங் இல்லை. ‘ஐ.டி.ஐ. பையனுக்குக் கைவேலைதான் வரும், ஏட்டுப் படிப்பு ஏறாது’ என்ற பேச்சு வெறும் முன்முடிவு. மதிப்பெண், வீட்டு நிலைமை, பக்கத்து ஓசூரில் கிடைக்கும் வேலை ஆகியவையும் சேர்ந்தே பலரை இங்கே கொண்டுவருகின்றன.

சுபாவத்தின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. உளவியலாளர்கள் ஆளுமையை ஐந்து பண்புகளாக அளக்கிறார்கள். அவற்றில் பொறுப்புணர்வு படிப்பில் பெறும் தேர்ச்சியோடு ஒட்டிவருகிறது. புத்திக்கூர்மையைக் கழித்துப் பார்த்தாலும் இந்த உறவு பெரும்பாலும் நிலைக்கிறது என்பது ஆர்தர் பொரோபாட் 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. புதியதை நாடும் மனம் ‘ஏன் இப்படி’ என்று கேட்க வைக்கிறது. பதற்றம் அதிகமானவர்கள் புரியாமலே மனப்பாடம் செய்யச் சாய்கிறார்கள்.

பயிற்சி தரும்போது இந்தச் சுபாவத்தைக் கவனிக்க வேண்டும். கூச்சமுள்ள மாணவருக்குச் சந்தேகம் இல்லை என்று ஆசிரியர் நினைத்துவிடுவது எளிது; இருவர் இருவராக வேலை கொடுத்தால் அவர் பக்கத்தில் இருப்பவரிடமாவது கேட்பார். அவசரக்காரருக்கு ஒவ்வொரு அளவையும் குறித்துக் காட்டியபின்தான் அடுத்த கட்டம். பதறுபவருக்கு முதலில் கழிவுத் துண்டு. அது கெட்டால் நஷ்டமில்லை.