நரசிங் மேத்தா

குஜராத்தி மொழியின் ஆதிகவி எனப் போற்றப்படுபவர் நரசிங் மேத்தா. 15ஆம் நூற்றாண்டில் சௌராட்டிரப் பகுதியிலுள்ள தளாஜாவில் நாகர் அந்தணர் குலத்தில் பிறந்த இவர், ஜூனாகத்தில் வாழ்ந்தார். இளமையில் பெற்றோரை இழந்து தமையன் வீட்டில் வளர்ந்தார். அண்ணியின் கடுஞ்சொல் தாங்காது வெளியேறியதே இவரை இறைவழியில் திருப்பியது என்பர்.

கிர்நார் மலையடிவாரத்தில் தாமோதர குண்டம் என்னும் புனிதக் குளம் உள்ளது. அங்கு நீராடச் சென்ற மேத்தாவிடம், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் கைகூப்பி, தம் குடியிருப்புக்கு வந்து பாடுமாறு வேண்டினர். அவர் மறுக்கவில்லை. இரவு முழுவதும் அவர்கள் நடுவே பாடி, விடியலில் வீடு திரும்பினார். நாகர்கள் கைகொட்டி நகைத்தனர். அவரைக் குலத்தினின்று விலக்கினர் என்றும் கூறுவர். அவர் பெயரில் வழங்கும் பாடலொன்றே இந்நிகழ்ச்சியை உரைக்கிறது.

மேத்தா தம் கைப்பட எழுதிய சுவடி எதுவும் கிடைக்கவில்லை. 'பிரபாதியா' எனப்படும் அவருடைய வைகறைப் பாடல்கள் மக்கள் நாவிலேயே வாழ்ந்தன. வைணவனுக்குப் பிறப்பையன்றி நடத்தையையே இலக்கணமாகக் கூறும் 'வைஷ்ணவ ஜனதோ' என்னும் பாடல், காந்தியடிகளின் ஆசிரம வழிபாட்டில் இடம்பெற்று நாடெங்கும் பரவியது. மேத்தா ஆண்ட 'ஹரிஜன்' என்னும் சொல்லையும் காந்தியடிகள் ஏற்று, 1933இல் அப்பெயரில் வார இதழ் தொடங்கினார். மேத்தா அச்சொல்லால் இறையடியாரைக் குறித்தார். அது ஒடுக்கப்பட்டோரின் பெயராக மட்டும் சுருங்கியபோது, அம்மக்களுள் பலர் அதனை ஏற்கவில்லை.