வேலையின்றிச் சுடும் மடிக்கணினி



மன்னார்த் தீவில் வைகாசி பிறந்ததும் சோளகக் காற்று எழுந்துவிடும். புரட்டாசி வரையில் அது அடங்குவது அரிது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் தீவின் தென்கரையில் தொடக்கி வைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளும் இக்காற்றை நம்பியே நிறுவப்பட்டன. மின்சாரத்தை ஈட்டித்தரும் அதே காற்று கடலுப்பையும் நுண்மணலையும் வாரிக்கொண்டு வீட்டுச் சாளரங்களின் வழியே உள்ளேயும் நுழைகின்றது. பேசாலையிலோ தலைமன்னாரிலோ காலையில் துடைத்த மேசையை மாலையில் விரலால் தடவிப் பார்ப்பவர்கள் இதனை நன்கறிவர். இன்றைய பேச்சுக்குப் பொருளாகிய மடிக்கணினி இந்தக் காற்றையே உள்ளிழுத்துத் தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது.

பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. கணினி திறந்தபடி மேசைமேல் இருந்தது. அதிலே யாரும் வேலை செய்யவில்லை. திடீரென்று உள்ளிருக்கும் விசிறி இரையத் தொடங்கிற்று. அடிப்பாகம் கைவைக்க முடியாதபடி சுட்டது. இதைக் கண்டு அஞ்சியவர் உடனே அதனைத் திருத்தும் கடைக்குத் தூக்கிச் செல்கின்றார். காரணம் இன்னதென்று ஆராயாமலே சில வேளைகளில் விலையுயர்ந்த தாய்ப்பலகை மாற்றப்படுகின்றது. கடன்பட்டு வாங்கிய ஒரேயொரு கணினியிற் பிள்ளைகள் மாறி மாறிப் படிக்கும் வீட்டிலே இது சிறிய செலவன்று. ஆகவே, கடையை நாடுமுன் வீட்டிலிருந்தபடியே எவற்றை அறியலாம் என்பதை நோக்குவோம்.

கணினி உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உலகறிய வைக்கப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவிலான மின்சாரத்தை விழுங்கிற்று. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றின் செயலி, அதாவது கணிப்பைச் செய்யும் சில்லு, 15 வாட் அளவுக்கே வடிவமைக்கப்படுகின்றது. ஆயினும் அந்த 15 வாட்டும் விரல்நகமளவு பரப்பிலே பிறக்கின்றது என்பதை மறத்தலாகாது. அங்கிருந்து வெப்பம் உடனுக்குடன் அகற்றப்பட வேண்டும். எனவே ஒரு கணினி சுடுகின்றதெனின், வெப்பம் மிகுதியாகப் பிறக்கின்றது, அல்லது பிறந்த வெப்பம் வெளியேறவில்லை. இவ்விரண்டினுள் எது என்பதைத் தீர்மானித்துவிட்டால் பாதி வழி கடந்தவராவோம்.

“வேலை ஒன்றுமில்லாதபோது மிகுதியாக எவ்வாறு பிறக்கும்?” என்று கேட்கலாம். தலைமன்னார்த் துறையில் முற்காலத்தில் வந்து நின்ற நீராவி இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். பயணிகள் இறங்கிப் படகேறிப் போன பின்னரும் அதன் உலையில் நெருப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். கணினியின் கதை இன்னும் ஒரு படி மேலானது. நாம் கைவிட்டுப் போகும் நேரத்தையே அது தன் வீட்டுவேலைக்கு உகந்த நேரமாகக் கருதுகின்றது. புதுப்பிப்புகளைப் பெற்று நிறுவுதல், கோப்புகளுக்கு அகரவரிசை போன்றதோர் அட்டவணை தயாரித்தல், வைரஸ் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தல் ஆகியவை எல்லாம் அப்போதே நடைபெறும். வின்டோஸ் முறைமையில் இத்தகைய பராமரிப்பு வேலைக்கு வழக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. இரவில் கணினியை மூடிவைக்கும் வீட்டில் அந்த வேலை தவறிப்போய், மறுநாட் பகலில் கணினி சும்மா இருக்கும் வேளையிலே தொடங்கும். நாம் திரும்பி வந்து விசைப்பலகையைத் தொட்டதும் அது ஒதுங்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு இது பேய் வேலைபோலத் தோன்றுவதில் வியப்பில்லை.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். இதற்குக் கருவி வேண்டியதில்லை. செவியும் கையும் போதும். வெப்பக்காற்று வெளியேறும் துவாரத்தின் அருகே உள்ளங்கையைப் பிடியுங்கள். விசிறியின் இரைச்சலும் மிகுதி, சூடான காற்றும் வேகமாக வருகின்றது எனின், குளிர்விக்கும் பகுதி செவ்வையாக இருக்கின்றது. உள்ளே ஏதோவொரு நிரல் ஓயாது உழைக்கின்றது. இரைச்சல் மிகுதி, காற்றோ நலிந்து வருகின்றது எனின், வழி அடைபட்டிருக்கின்றது. கணினி சுடுகின்றது, விசிறியின் ஓசையே இல்லை எனின், விசிறி நின்றுபோயிருக்கலாம். விசிறியே இல்லாத சில மெல்லிய கணினிகளுக்கு இது பொருந்தாது. துவாரத்தின் பக்கம் சுடாமல், நாம் மணிக்கட்டை வைக்கும் முன்பக்கம் சுடுமெனின் மின்கலத்தையே ஐயுற வேண்டும்.

உள்ளே உழைப்பது எது என்றறிய, வின்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் தோன்றும். செயலிக்குரிய நிரலின் தலைப்பை அழுத்தினால் மிகுதியாக உழைப்பது முதலிடத்துக்கு வரும். அது புதுப்பிப்பாகவோ வைரஸ் சோதனையாகவோ இருந்தால் ஓரிரு மணித்தியாலம் பொறுத்திருங்கள், தானே அடங்கும். இணைய உலாவியாக இருந்தால், திறந்து மறந்துவிட்ட பக்கங்களை மூடிப்பாருங்கள். 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில் தோன்றி 2019ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்ட கொயின்ஹைவ் என்னும் சேவை, இணையப் பக்கங்களுக்குள் ஒளிந்திருந்து, பார்ப்பவரின் கணினியைக் கொண்டே மொனேரோ என்னும் மின்பணத்தைத் தோண்டிற்று. அந்தச் சேவை ஒழிந்ததாயினும் அந்த வகைத் திருட்டு ஒழியவில்லை. இத்தகைய நிரல்களுட் சில, பட்டியலைத் திறந்தவுடன் வேலையை நிறுத்தி நல்ல பிள்ளைபோல நடிப்பவை. பராமரிப்பு வேலையும் ஆள் வந்ததும் ஒதுங்கும் என்றேன். இரண்டையும் வேறுபடுத்துவது எப்படி? பராமரிப்பு ஓரிரு நாளில் முடிந்துவிடும். திருட்டு நாள்தோறும் தொடரும். தொடருமாயின் முழுமையான வைரஸ் சோதனை ஒன்றை நடத்துவது அவசியம்.

பட்டியலில் ஒன்றுமே உழைக்கவில்லை, ஆயினும் சூடு தணியவில்லை என்றால் குற்றம் குளிர்விக்கும் பகுதியிலேதான். அதன் அமைப்பு அழகானது. செயலியின் மேல் வெப்பம் கடத்தும் பசை பூசப்பட்டு, அதன்மேல் ஒரு செப்புத் தகடும் தட்டையான செப்புக் குழாயும் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் குழாய் வெறுங்குழாயன்று. காற்றகற்றிய அதனுள்ளே சிறிதளவு நீர் உண்டு. சூடான முனையில் நீர் ஆவியாகின்றது. ஆவி மறுமுனைக்கு விரைந்து அங்கே குளிர்ந்து நீராகின்றது. குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள், விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல, அந்நீரை மீண்டும் சூடான முனைக்கே கொண்டுவருகின்றன. அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் என்பவர் 1963இல் செய்து காட்டிய இம்முறை இன்று மடிக்கணினிகளுள்ளே சத்தமின்றி இயங்குகின்றது. குழாயின் குளிர்ந்த முனையில் மெல்லிய உலோக இதழ்கள் நெருக்கமாக நிற்கும். விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தும். அடைப்பு ஏற்படுவது அந்த இதழ்களின் வாயிலிலேதான்.

இங்கேதான் மன்னாரின் காற்று தன் கைவரிசையைக் காட்டுகின்றது. வறண்ட உள்நாட்டில் தூசி தூசியாகவே இருக்கும், ஊதினால் பறக்கும். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கடலுப்பிற் கலந்திருக்கும் மக்னீசியக் குளோரைட்டோ இதனிலும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே இதழ்களிற் படிந்த தூசி உப்புநீரிற் குழைந்து, பிறகு உலர்ந்து, கம்பளம்போல ஒட்டிக்கொள்கின்றது. உலோகத்தையும் அரிக்கின்றது. இந்த அடைப்பு மாதக்கணக்கிற் சிறுகச் சிறுக வளர்வது. ஆனால் ஒரு வெப்பமான நாளில் எல்லை கடந்ததும் நமக்குத் ‘திடீரென்று’ தெரிகின்றது.

சூழலின் வெப்பத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். எந்தக் கணினியும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர முடியாது. சும்மா இருக்கும் கணினி அறையைவிட 20 பாகை மிகுதியாகச் சுடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியாவில் 16 பாகை அறையில் அது 36 பாகை காட்டும். மன்னாரில் 33 பாகை அறையில் அதே கணினி 53 பாகை காட்டும். இதில் நோய் ஒன்றுமில்லை. தகரக் கூரையின் கீழ், மெத்தைமேல் துவாரத்தை அமுக்கி வைத்தால் நிலைமை மோசமாகும். பலகைமேல் வைத்து, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தினாற்கூடப் பயன் தெரியும்.

சுத்தம் செய்வோர் முதலிற் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பையும் அகற்ற வேண்டும். அடைக்கப்பட்ட காற்றைச் செலுத்தும்போது விசிறி இதழ்களைக் குச்சியாற் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிடின் அது கட்டுக்கடங்காமற் சுழன்று பழுதடையும். உப்பேறிய கம்பளம் ஊதினாற் போகாது. மூடியைத் திறந்து மென்தூரிகையால் அகற்றுவதே வழி. பழகாதவர்கள் இதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவது நன்று. கடைக்காரரிடம் “உள்ளே துடைத்து, பசையை மாற்றித் தாருங்கள்” என்று தெளிவாகக் கேளுங்கள். சில ஆண்டுகளில் அந்தப் பசை உலர்ந்துவிடுவது இயல்பு.

மூடியை மூடிப் பையில் வைத்த கணினி சூடாகி இருப்பதையும் சிலர் கண்டிருப்பர். புதிய கணினிகள் பல, தூங்கும்போதும் இணையத்தோடு தொடர்பை வைத்திருப்பவை. பயணத்துக்கு முன் முற்றாக நிறுத்திவிடுவதே தக்கது.

மின்கலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரம் ஏறும்போது அது ஓரளவு சூடாவது வழக்கமே. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில், மின்சாரம் திரும்பியதும் கணினிகள் வேலையின்றியே சுட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் முழுதும் ஏறிய பின்னும் முன்பக்கம் சுட்டாலோ, தொடுபலகை மேலெழும்பினாலோ, சமதரையில் வைத்த கணினி ஆடினாலோ மின்கலம் வீங்கியிருக்கின்றது என்று கொள்ளல் வேண்டும். 2006ஆம் ஆண்டில் டெல் நிறுவனம், தீப்பற்றும் அபாயம் கருதி 41 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. வீங்கிய மின்கலத்துக்கு மின்சாரம் ஏற்றவே கூடாது. குத்துதலும் அமுக்குதலும் ஆகா. படுக்கைக்கும் ஓலைக்கும் துணிக்கும் எட்டாத சீமெந்துத் தரையில் வைத்து, தொழில் தெரிந்தவரைக் கொண்டு கழற்றுவியுங்கள். கழற்றியதைக் குப்பையோடு எறியாமல், இலத்திரனியற் கழிவு சேர்ப்போரிடம் ஒப்படையுங்கள்.