திபேரியஸின் நிழலில் ஒரு சிறு பிரபு

ரோமப் பேரரசின் தொடக்க கால அதிகார அடுக்கில், நான்கு லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) சொத்துடையோர் குதிரைவீரர் வகுப்பிலும், பத்து லட்சமும் அதற்குரிய தகுதியும் உடையோர் செனட் எனும் ஆட்சி மன்றத்திலும் இடம்பெற்றனர். முதல் படியில் பிறந்து இரண்டாம் படியை எட்டிய வெல்லேயஸ் பட்டர்குலஸின் வாழ்க்கை, அந்த ஏற்றத்துக்குச் சொத்தைக் காட்டிலும் ஒரு மனிதரின் நம்பிக்கையே பெருந்துணையாக இருந்ததைக் காட்டுகிறது.

தென் இத்தாலிய வேர்களுடைய அவரது குடும்பத்தில் விசுவாசம் தலைமுறைச் சொத்தாகவே இருந்தது. கி.மு. 91இல் இத்தாலிய நேச நாட்டார் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தபோது மூதாதை மினாட்டியஸ் மாகியஸ் ரோமின் பக்கம் நின்று படை திரட்டினார்; உள்நாட்டுப் போரில், பின்னாளில் பேரரசரான திபேரியஸின் தந்தை நேப்பிள்ஸிலிருந்து தப்பியோடியபோது, முதுமையால் அவரைப் பின்தொடர இயலாத பாட்டனார் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்.

கி.பி. 4இல், தம் தந்தை வகித்த குதிரைப்படைத் தளபதிப் பதவியை ஏற்று ஜெர்மானியாவுக்குச் சென்ற வெல்லேயஸ், தொடர்ந்து பல ஆண்டுகள் திபேரியஸின் கீழ்ப் போரிட்டார். கருவூலப் பணிகளைக் கவனிக்கும் குவெஸ்டர் பதவி கிடைத்தபோதும், அதன்வழி வரவிருந்த மாகாணப் பொறுப்பைத் துறந்து, கிளர்ச்சி மூண்டிருந்த பன்னோனியப் போர்முனைக்கே திரும்பினார். அங்கே திபேரியஸ் தம் பல்லக்கையும் மருத்துவர்களையும் குளியல் சாதனங்களையும் நோயுற்ற அதிகாரிகளுக்காக விட்டுக்கொடுத்ததையும், அந்தப் பல்லக்கு தமக்கும் உதவியதையும், தலைவரோ எப்போதும் குதிரைமீதே பயணம் செய்ததையும் அவர் பின்னர் எழுதிய வரலாற்று நூலில் நன்றியோடு பதிவு செய்கிறார். பிற்காலத்தார் பலர் வெறும் முகத்துதி என்று ஒதுக்கிய அவருடைய புகழுரைகளுக்குள் இத்தகைய நேரடி அனுபவம் இருப்பதால், அவற்றை முற்றிலும் பொய்யெனத் தள்ளுவது நியாயமாகாது.

கி.பி. 14இல் பேரரசர் அகஸ்டஸ் இறந்தபோது, நீதி நிர்வாகத்துக்குரிய பிரீட்டர் பதவிக்கு அவர் பரிந்துரைத்திருந்த இறுதிப் பட்டியலில் வெல்லேயஸும் அவருடைய சகோதரரும் இருந்தனர். அடுத்த ஆண்டு இருவரும் பதவியேற்றனர்.

கி.பி. 30இல், அவ்வாண்டின் கான்சல் (உயர் ஆட்சியாளர்) மார்க்கஸ் வினிசியஸுக்குத் தம் வரலாற்று நூலை அர்ப்பணித்த வெல்லேயஸ், குதிரைவீரர் வகுப்பில் பிறந்து பேரரசர் திபேரியஸின் வலக்கரமாக உயர்ந்த செஜானஸைப் போற்றும்போது, குலப்பெருமையின்றி உயர்ந்த காட்டோ, மாரியஸ், சிசரோ ஆகியோரை எடுத்துக்காட்டுகிறார். பிறப்பைவிடத் திறமை பெரிது என்னும் அந்த வாதத்தில், தம் குடும்பத்துக்காகவும் அவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. மறு ஆண்டு அக்டோபரில், திபேரியஸ் அனுப்பிய ஒரு கடிதம் செனட்டில் வாசிக்கப்பட்ட அன்றே, செஜானஸ் கைதாகிக் கொல்லப்பட்டார்.