சுவரில்லாத சிறை

தண்டனை முடிந்து சிறைவாயிலைத் தாண்டுகிறவனுக்கு அன்றே மூன்று கவலைகள். எங்கே தங்குவது, யார் வேலை கொடுப்பார்கள், மனைவி மக்கள் ஏற்பார்களா? பல்லாண்டுகள் மணியடித்துச் சோறு உண்டவன் இவற்றுக்கெல்லாம் ஒரே நாளில் விடை காண வேண்டும். அவனை முதலில் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய கூட்டாளிகளே!

ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் 1963-இல் தோன்றிய திறந்தவெளிச் சிறை, இச்சிக்கலை விடுதலைக்கு முன்பே அவிழ்க்க முயல்கிறது. அப்போது ராஜஸ்தான் கவர்னராயிருந்த சம்பூர்ணானந்தரின் பெயரை அது தாங்கியுள்ளது. மூடிய சிறையில் தண்டனையின் ஒரு பகுதியை ஒழுங்காகக் கழித்தவர்களையே அங்கு அனுப்புகிறார்கள். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றோரும் அவர்களுள் உண்டு. அங்கே கைதி தன் குடும்பத்தோடு குடியிருக்கிறான். பகலில் வெளியே சென்று உழைத்து, அந்தக் கூலியில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். மாலையில் பெயர் கூப்பிடும்போது வந்து நிற்க வேண்டும். அன்றாட ஒழுங்கைக் கவனிக்கக் கைதிகளின் பஞ்சாயத்தே இருக்கிறது.

ஓடிவிட மாட்டார்களா? எனக்கும் முதலில் அந்த ஐயம்தான். ஓடினால் வீடு போகும், வேலை போகும், பிள்ளையின் படிப்பும் போகும். பிடிபட்டால் மீண்டும் மூடிய சிறை. மதில் செய்யும் வேலையை இந்தக் கணக்கு செய்துவிடுகிறது. விடுதலை நாளன்று அவன் புதிதாகத் தொடங்க வேண்டியதும் அதிகமில்லை.

இத்தகைய சிறைகளைப் பெருக்குமாறு 2018-இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களை வற்புறுத்தியது. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்க்கே திறக்கும் இந்தக் கதவு அவர்களுக்கு இல்லை.